காயத்தைக் கேட்கிறார்கள், கருத்தைக் கேட்பதில்லை

2024 மார்ச் 18 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டு நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. பெண் உறுப்புச் சிதைப்பைத் தடை செய்து 2015இல் கொண்டுவந்த சட்டத்தை நீக்க வேண்டும் என்பதுதான் மசோதா. அதை அடுத்த கட்டத்துக்கு அனுப்பலாம் என்று வாக்களித்தவர்கள் 42 பேர். எதிர்த்தவர்கள் 4 பேர். 58 பேர் கொண்ட அந்த அவையில் பெண்கள் ஐந்தே பேர். அவைக்கு வெளியே நிலைமை என்ன? 15 முதல் 49 வயது வரையிலான காம்பியப் பெண்களில் 73 விழுக்காட்டினர் சிறுவயதிலேயே பிறப்புறுப்பு அறுக்கப்பட்டவர்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் அந்தத் தடைச் சட்டத்தின்கீழ் முதல் தண்டனை வந்திருந்தது. எட்டுப் பெண் குழந்தைகளை அறுத்ததற்காக மூன்று பெண்களுக்கு ஆளுக்கு 15,000 தலாசி அபராதம், கட்டத் தவறினால் ஓராண்டு சிறை. அபராதத்தை ஓர் இமாம் கட்டினார். அந்தச் சூட்டில்தான் சட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்ற குரல் கிளம்பியது.

மசோதா குழுவின் ஆய்வுக்குப் போனது. குழு மதத் தலைவர்களிடம் கேட்டது, மருத்துவர்களிடம் கேட்டது, அறுக்கும் தொழில் செய்யும் பெண்களிடம் கேட்டது. அறுக்கப்பட்ட பெண்களிடமும் கேட்டது. கேட்டுவிட்டு, தடை நீடிக்கட்டும் என்று அறிக்கை தந்தது. ஜூலை 15 அன்று அதே நாடாளுமன்றம் மசோதாவை நிராகரித்தது. இந்த மாற்றம் முழுக்கப் பெண்களின் சாட்சியத்தால்தான் வந்தது என்று சொல்லமாட்டோம். வெளிநாட்டு அழுத்தம் இருந்தது, அரசின் கணக்குகள் இருந்தன. ஆனால் மார்ச்சில் இல்லாத ஒன்று ஜூலையில் இருந்தது. யாருடைய உடலைப் பற்றிய சட்டமோ அவர்களின் பேச்சு அவைக் குறிப்பில் ஏறியிருந்தது.

இந்தக் கட்டுரையில் நாம் பேச விரும்புவது அந்தப் பேச்சைப் பற்றித்தான். உலக அளவில் இந்தக் கொடுமையை ஒழிக்க எத்தனையோ மாநாடுகள், நிதிகள், தீர்மானங்கள். அவற்றில் இந்தப் பெண்கள் எங்கே உட்கார வைக்கப்படுகிறார்கள்? மேடையில் கதை சொல்லவா, மேசையில் முடிவெடுக்கவா?

முதலில் ஒரு சொல் பிரச்சினை. ஆங்கிலத்தில் விக்டிம் என்றும் சர்வைவர் என்றும் இரண்டு சொற்கள். தமிழில் இரண்டுக்குமே 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதிப் பழகிவிட்டோம். 'உயிர்பிழைத்தவர்' என்றால் பேருந்து விபத்துச் செய்தி மாதிரி இருக்கிறது. 'மீண்டவர்' என்றால் எல்லாம் சரியாகிவிட்டது என்று பொருள் வருகிறது, பலர் மீளவில்லை. இங்கே 'அறுப்பைக் கடந்த பெண்கள்' என்று எழுதுகிறோம். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் தோழர்கள் சொல்லுங்கள்.

விவரம் தெரியாத இளைய தோழர்களுக்காகச் சுருக்கமாக: மருத்துவக் காரணம் எதுவுமின்றிப் பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பைக் கீறுவது, கிளிட்டோரிஸை அறுப்பது, இதழ்களை அகற்றுவது, சில இடங்களில் துவாரத்தைச் சுருக்கித் தைத்தே விடுவது. உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. இரத்தப்போக்கு, தொற்று, சிறுநீர்ச் சிக்கல், பிரசவ ஆபத்து, மரணம் என்று விளைவுகள் நீளும். இஸ்லாத்துக்கும் முந்தைய வழக்கம் இது. எத்தியோப்பியாவிலும் எகிப்திலும் கிறித்தவக் குடும்பங்களிலும் இருந்திருக்கிறது. 2024இல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி இன்று உயிரோடு இருப்பவர்களில் 23 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இதற்கு ஆளானவர்கள். ஆப்பிரிக்காவில் 14.4 கோடி, ஆசியாவில் 8 கோடி, மத்தியக் கிழக்கில் 60 லட்சம்.

இந்தப் பெண்கள் பேசவில்லை, அவர்களுக்காக மேற்குலகம் பேச வேண்டியிருந்தது என்று ஒரு கதை உண்டு. அது பொய். எகிப்தின் நவல் எல் சாதாவி ஆறு வயதில் அறுக்கப்பட்டவர், மருத்துவரானார், எழுதினார். பெண்ணின் உடலையும் பாலியலையும் பற்றி எழுதிய புத்தகத்துக்காக 1972இல் சுகாதார அமைச்சகப் பதவியை இழந்தார். செனகலின் அவா தியாம், கறுப்பினப் பெண்களிடம் நேரில் பேசி அவர்கள் வாய்மொழியையே நூலாக்கி 1978இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஃபிரான் ஹாஸ்கன் தன் அறிக்கையை வெளியிட்டார். உலகம் பரவலாக எடுத்துப் பேசியது எதை என்று நினைக்கிறீர்கள்? 1980இல் கோபன்ஹேகனில் ஐ.நா.வின் மகளிர் மாநாட்டை ஒட்டி நடந்த கூட்டங்களில் ஆப்பிரிக்கப் பெண்கள் பலர் ஹாஸ்கன் விஷயத்தை முன்வைத்த முறையையே எதிர்த்தார்கள். அறுப்பு சரி என்று அவர்கள் சொல்லவில்லை. வறுமையையும் காலனியத்தையும் விட்டுவிட்டு எங்கள் பிறப்புறுப்பை மட்டும் எடுத்துக் காட்சிக்கு வைக்காதீர்கள் என்றார்கள். அதைச் சில மேற்கத்தியப் பெண்ணியவாதிகள் நன்றிகெட்டதனமாகப் பார்த்தார்கள். யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்ற கேள்வி நம் தோழர்களுக்குப் புதிதில்லை, விளக்கம் தேவையில்லை.

காட்சிக்கு வைப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸ்டாக்ஹோம் ஓர் உதாரணம். 2012 ஏப்ரலில் அங்குள்ள நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உலகக் கலை தினம் கொண்டாடினார்கள். கறுப்பினப் பெண்ணின் நிர்வாண உடல் வடிவில் ஒரு கேக். தலை இருக்க வேண்டிய இடத்தில் மேசைக்குள்ளிருந்து கலைஞரின் நிஜத் தலை, கறுப்புச் சாயம் பூசியது. ஒவ்வொரு துண்டு வெட்டும்போதும் அந்தத் தலை அலறும். பண்பாட்டு அமைச்சர்தான் முதலில் வெட்டினார், பிறப்புறுப்புப் பகுதியிலிருந்து. சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். கலைஞரும் ஆப்பிரிக்க வம்சாவளியினர்தான்; பெண் உறுப்புச் சிதைப்பை விமர்சிக்கவே செய்ததாகச் சொன்னார். இருக்கட்டும். அமைச்சர் பதவி விலக வேண்டும் என்று ஆப்பிரிக்க-ஸ்வீடியர் சங்கம் கேட்டது, அவர் விலகவில்லை.

கேக் கொஞ்சம் அதீதம், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அழகான அரங்கில், குளிர்பதனம் போட்டு, கண்ணீரோடு நடக்கும் கூட்டங்களிலும் இதே அமைப்புத்தான் இருக்கிறது. ஒரு பெண்ணை மேடையேற்றுவார்கள். எந்த வயதில், யார் கால்களைப் பிடித்தார்கள், கத்தியா பிளேடா, எவ்வளவு இரத்தம் என்று கேட்பார்கள். அவர் சொல்லி முடித்ததும் கைதட்டல். பிறகு நிபுணர்கள் அமர்வு. அதில் அவர் இருக்கமாட்டார். களப்பணியில் இருக்கும் நமக்கு இது நன்றாகத் தெரியும். வன்முறைக்கு ஆளான பெண் தனக்கு நேர்ந்ததைக் காவல் நிலையத்தில் ஒருமுறை, மருத்துவமனையில் ஒருமுறை, வழக்கறிஞரிடம் ஒருமுறை, பத்திரிகைக்காரரிடம் ஒருமுறை சொல்கிறார். அடுத்து என்ன செய்யலாம் என்று அவரைக் கேட்பவர் அநேகமாக யாரும் இல்லை. சமூகவியல் படித்த தோழர்கள் காயத்ரி ஸ்பிவாக்கின் கேள்வியை வகுப்பில் கேட்டிருப்பீர்கள், ஒடுக்கப்பட்டவர் பேச முடியுமா என்று. இங்கே அவர் பேசிக்கொண்டேதான் இருக்கிறார். பேச்சிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

கத்தியின் கதையை மட்டும் கேட்பதில் இன்னொரு கோளாறு உண்டு. காம்பியாவில் பெரும்பாலானவர்களை அறுப்பது ஐந்து வயதுக்குள். பலருக்கு நினைவே கிடையாது. ஜஹா துக்குரே பிறந்து ஒரு வாரத்தில் அறுக்கப்பட்டவர். தனக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்பது பதினைந்து வயதில் நியூயார்க்கில் திருமணம் செய்துவைக்கப்பட்ட பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. மேடை கேட்கும் 'அந்த நாள்' கதை அவரிடம் இல்லை. அவரிடம் இருந்தது வேறு: திருமண இரவு, மருத்துவர் முன் கூனிக் குறுகல், அமெரிக்காவில் தன்னைப் போல எத்தனை பேர் என்று யாருமே எண்ணவில்லை என்ற கோபம். 2014இல் அவர் தொடங்கிய மனுவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். மனு கேட்டது இரக்கத்தை அல்ல, அமெரிக்க அரசு ஒரு கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பதை. அடுத்த ஆண்டு காம்பியாவில் தடை வந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. இதைத்தான் கருத்து என்கிறோம். காயம் அவருக்கு அறிவாகியிருக்கிறது. அந்த அறிவு எந்த நிபுணருக்கும் கிடைக்காதது.

சரி, உலகத் திட்டங்கள் இந்த அறிவை எப்படி வைத்திருக்கின்றன? நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 5.3 என்று ஒன்று உண்டு; 2030க்குள் இந்த வழக்கத்தை ஒழிப்பது அதில் சேர்த்தி. முன்னேற்றத்தை எதை வைத்து அளக்கிறார்கள் தெரியுமா? 15 முதல் 49 வயதுப் பெண்களில் அறுக்கப்பட்டவர்கள் எத்தனை விழுக்காடு என்பதை வைத்து. தடுப்பை அளக்க அது தேவைதான். ஆனால் இந்தச் சுட்டெண்ணுக்குள் ஏற்கெனவே அறுக்கப்பட்ட பெண் யார்? அவர் தோல்விக் கணக்கு. அவருக்குப் பிரசவம் பார்க்கத் தெரிந்த செவிலியர் இருக்கிறாரா, தைத்ததைப் பிரிக்கும் சிகிச்சை எட்டும் தூரத்தில் கிடைக்கிறதா, மனநல ஆலோசனை உண்டா என்று எதுவும் அதில் இல்லை. அவர் 49 வயதைத் தாண்டிவிட்டால் விழுக்காடு குறையும். அது முன்னேற்றம் என்று பதிவாகும். அறுப்பைக் கடந்த பெண்களை வைத்து இந்த அளவுகோலை எழுதியிருந்தால் அவர்கள் முதலில் கேட்டிருக்கக்கூடியது, எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்பதைத்தான்.

2024 பிப்ரவரி 6, இந்த ஒழிப்புக்கான சர்வதேச நாள். அந்த ஆண்டு ஐ.நா. அறிவித்த கருப்பொருள், அறுப்பைக் கடந்த பெண்கள் தலைமை தாங்கும் இயக்கங்களில் முதலீடு செய்யுங்கள் என்பது. நல்ல கருப்பொருள். அடுத்த ஆண்டே வேறொரு கருப்பொருள் வந்துவிட்டது; அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே இழுத்து மூடிவிட்டது. முதலீடு என்ற சொல் சுவரொட்டியில் நிற்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த 23 கோடியில் இந்தியப் பெண்களும் இலங்கைப் பெண்களும் இல்லை. யுனிசெஃப் கணக்கு நாடு தழுவிய புள்ளிவிவரம் உள்ள 31 நாடுகளை வைத்துப் போடப்பட்டது. நம் நாடுகளில் அப்படி யாரும் எண்ணவில்லை.

இந்தியாவில் தாவூதி போரா சமூகத்தில் இதைக் கத்னா என்கிறார்கள். ஏழு வயதுவாக்கில் பாட்டியோ அத்தையோ மிட்டாய் வாங்கித் தருவதாகக் கூட்டிப் போவார்கள். அறுக்கப்படும் துண்டுக்கு ஒரு பெயரும் உண்டு: 'ஹராம் நி போட்டி', பாவத்தின் சதை. 2017இல் உச்ச நீதிமன்றத்தில் இதைத் தடை செய்யக் கோரி வழக்கு வந்தபோது, மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு பதில் தந்தது. இந்தியாவில் இந்த வழக்கம் இருப்பதை நிறுவும் அதிகாரபூர்வத் தரவோ ஆய்வோ இல்லை என்றது. அரசு எண்ணாது, எண்ணாததால் இல்லை. எவ்வளவு வசதியான வாதம்!

அந்தச் சமூகத்துப் பெண்கள் காத்திருக்கவில்லை. 2015இல் சஹியோ என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள் தாங்களே இணையவழி ஆய்வு நடத்தினார்கள். பதிலளித்த 385 போராப் பெண்களில் 80 விழுக்காட்டினர் தங்களுக்குச் செய்யப்பட்டது என்றார்கள். 81 விழுக்காட்டினர் இது தொடரக் கூடாது என்றார்கள். மசூமா ரனால்வி முன்னின்ற வீ ஸ்பீக் அவுட் அமைப்பு 2018இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. அந்த ஆண்டே அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் இந்த வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். வழக்கு என்னவோ ஐந்து நீதிபதிகளுக்குப் போய், சபரிமலை மறுஆய்வோடு எழுந்த கேள்விகளோடு சேர்ந்து ஒன்பது நீதிபதிகளின் வரிசையில் நின்றுவிட்டது. ஆனால் 'தரவு இல்லை' என்ற சொல் செல்லாமல் போனதற்குக் காரணம் அந்தப் பெண்கள்தான்.

இலங்கையில் இது தமிழ் பேசும் வீடுகளிலேயே நடக்கிறது. முஸ்லிம் குடும்பங்களில் பெண் குழந்தை பிறந்து நாற்பதாம் நாள்வாக்கில் 'ஒஸ்தா மாமி' என்று அழைக்கப்படும் பெண் வருவார். 2017இல் பெண்கள் இந்த விஷயத்தை நாடாளுமன்றத்தின் மகளிர் விவகாரக் குழுவிடம் கொண்டுபோனார்கள். 2018இல் சுகாதார அமைச்சு, மருத்துவத் துறையினர் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. சுற்றறிக்கை மருத்துவரைத்தான் கட்டுப்படுத்தும், மாமியைக் கட்டுப்படுத்தாது. இதைப் பற்றித் தமிழில் தேடிப் பாருங்கள், எவ்வளவு குறைவாக எழுதியிருக்கிறோம் என்று. கத்னா, ஒஸ்தா மாமி என்ற சொற்கள் நம் மொழியில் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய பேச்சு இல்லை.

பேசாததற்குக் காரணம் கோழைத்தனம் அல்ல. ஒரு முஸ்லிம் பெண் தன் வீட்டில் நடந்ததைச் சொன்னால் அடுத்த நிமிடமே அதைத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு கூட்டம் தயாராக நிற்கிறது. இங்கே இந்துத்துவம், இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு இன்னும் வெறியேறிய பௌத்த பேரினவாதம், ஐரோப்பாவில் குடியேறிகளை வெறுக்கும் கட்சிகள். அவர்களுக்கு அந்தச் சிறுமியின் மேல் அக்கறை கிடையாது. அவள் அப்பாவின் மேல் வெறுப்பு உண்டு. பேசினால் சமூகத் துரோகி, பேசாவிட்டால் இன்னொரு குழந்தை. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று எப்போது, எந்த மேடையில், எந்தச் சொல்லில் பேசுவது என்று அந்தப் பெண்கள்தான் தீர்மானிக்க முடியும். 'சிதைப்பு' என்ற சொல்லையே வேண்டாம் என்பவர்கள் அவர்களில் உண்டு. அம்மாவைச் சிதைத்தவள் என்று சொல்ல மனம் வரவில்லை என்பதால். நமக்கு அந்தச் சொல் சரியென்றுதான் படுகிறது. ஆனால் ஒரு வீட்டுக்குள் பேச்சைத் தொடங்க எந்தச் சொல் உதவும் என்பது நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.

நியாயமான ஓர் எதிர்க்கேள்வி இங்கே வரும். அறுக்கப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுகிறார்களா? இல்லை. சியரா லியோன் வேர்கள் கொண்ட மானுடவியலாளர் ஃபுவாம்பாய் அகமது, படித்த இளம்பெண்ணாகத் தானே விரும்பிச் சடங்குக்கு உட்பட்டவர். அதை ஆதரித்து எழுதுகிறார். உச்ச நீதிமன்றத்தில் கத்னாவுக்கு ஆதரவாகப் போரா பெண்களின் அமைப்பு ஒன்றும் வாதாடுகிறது. இவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. ஒரு வயதுவந்த பெண் தன் உடலைப் பற்றிச் சொல்வதை மறுக்கும் உரிமை நமக்கு இல்லை. ஆனால் அவர் சம்மதம் அவருடையது. ஏழு வயதுக் குழந்தைக்கோ ஏழு நாள் சிசுவுக்கோ அதைக் கடன் கொடுக்க முடியாது. கேட்பது என்றால் தலையாட்டுவது என்று பொருள் இல்லை. கத்தி பிடிக்கும் பெண்ணும் அநேகமாக ஒருநாள் கீழே படுக்கவைக்கப்பட்டவர்தான். அவரையும் கேட்க வேண்டியிருக்கிறது, தண்டிக்க வேண்டியும் இருக்கிறது. இதில் எளிய தீர்வு இருப்பதாக நாம் நினைக்கவில்லை.

கேட்டு, முடிவையும் அவர்கள் கையிலேயே விட்டால் என்ன ஆகும்? செனகலில் அது நடந்தது. மலிக்கூந்தா பம்பாரா என்ற ஊரில் தோஸ்தான் என்ற அமைப்பு பெண்களுக்கு அவர்கள் மொழியிலேயே வகுப்பு நடத்தியது. தொடங்கியவர் மாலி மெல்ச்சிங் என்ற அமெரிக்கப் பெண்; வெளியாள்தான். ஆனால் வகுப்பு அறுப்பை ஒழிக்கும் பிரச்சாரமாக நடக்கவில்லை. உடல்நலம், மனித உரிமை, எழுத்து, கணக்கு. அதில் பெண்கள் தங்கள் உடலுக்கு நேர்ந்ததைப் பற்றி வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவரோடொருவர் பேசினார்கள். 1997 ஜூலை 31 அன்று, இனி எங்கள் பெண்களை அறுக்கமாட்டோம் என்று பத்திரிகையாளர்களை அழைத்து அறிவித்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வசை வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நாம் கற்க வேண்டியது. கேர் சிம்பாரா என்ற ஊரின் இமாம் தெம்பா தியாவாரா ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். ஒரு ஊர் மட்டும் நிறுத்தினால் அந்த ஊர்ப் பெண்ணை யார் கட்டுவார்கள்? பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்துதான் நிறுத்த முடியும். எந்த ஊர் எந்த ஊரோடு சம்பந்தம் வைத்திருக்கிறது என்பது ஜெனீவாவில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் ஊர் ஊராக நடந்தார். 1998 பிப்ரவரியில் தியாபுகூ என்ற ஊரில் 13 ஊர்கள் கூடி ஒன்றாக அறிவித்தன. செனகலில் தடைச் சட்டம் வந்தது 1999இல், அதற்கும் பிறகு. அந்த ஒரு அறிவிப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. செனகலில் இன்னும் அறுப்பு நடக்கிறது. ஆனால் பின்னாளில் ஆயிரக்கணக்கான ஊர்கள் பின்பற்றிய கூட்டு அறிவிப்பு என்ற முறையை எந்த நிபுணர் குழுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

காம்பியாவில் இதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. நாடாளுமன்றத்தில் தோற்றவர்கள், தடைச் சட்டம் அரசமைப்புக்கு விரோதமானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். அறுப்பைக் கடந்த பெண்கள் மறுபடியும் பேச வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 6க்கோ வேறு நாளுக்கோ கல்லூரியில் கூட்டம் போட நினைக்கும் தோழர்கள் சில காரியங்களைச் செய்யலாம். அழைக்கும் பெண்ணிடம் என்ன பேச விரும்புகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். கத்தியைப் பற்றி அவரே தொடங்கினால் ஒழியக் கேட்காதீர்கள். படம் எடுக்கலாமா, பெயர் போடலாமா என்பதைக் கூட்டம் முடிந்த பிறகும் ஒருமுறை கேளுங்கள், மனம் மாறியிருக்கலாம். மற்ற பேச்சாளர்களுக்குக் கொடுக்கும் பயணப்படியையும் மதிப்பூதியத்தையும் அவருக்கும் கொடுங்கள். தீர்மானம் நிறைவேற்றுவதாக இருந்தால் வரைவை அவரிடம் முன்கூட்டியே அனுப்புங்கள். அவர் அடித்துத் திருத்தி அனுப்பினால், திருத்தியதையே வாசியுங்கள்.